கடைசி வீட்டுக்கு யார் பொறுப்பு?

"தொலைத்தொடர்புச் சட்டத்தில் பெயரெடுத்த அமெரிக்கப் பேராசிரியர் சூசன் கிராஃபோர்டு, காலநிலைத் தகவமைப்புப் பக்கம் ஏன் போனார்? இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? சென்னையில் சட்டம் படிக்கும் நான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தகவமைப்பு என்றால், மாறிவரும் காலநிலைக்கு ஏற்ப ஊரையும் வாழ்வையும் மாற்றிக்கொள்வது. இந்த இரண்டு பாடங்களையும் பல ஆண்டுகளாக இதே ஊரில் நடத்திவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அவர் துறை மாறினார் என்றே எனக்குத் தோன்றவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே கேள்விதான்: தெருவின் கடைசி வீட்டுக்கு யார் பொறுப்பு? கேபிள் போடும் நிறுவனம் லாபம் தரும் தெருவோடு நின்றுகொள்கிறது. வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டும் அரசாங்கம் விலைமதிப்புள்ள மனைகளோடு நின்றுகொள்கிறது. இரண்டு இடத்திலும் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் அதே மனிதர்கள்.

அவரது பணி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். வாஷிங்டனின் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் பங்குதாரராக இருந்தார். அதை விட்டுவிட்டு 2003 வாக்கில் நியூயார்க்கின் கார்டோசோ சட்டக் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு மிச்சிகன், ஹார்வர்டு. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் இயக்குநர் குழுவில் 2005 முதல் 2008 வரை இருந்தார். 2009-இல் ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கக் கொள்கைக்கான சிறப்பு உதவியாளர். நிறுவனங்களுக்காக வாதாடும் தொழிலில் மேலே போயிருக்கக்கூடியவர், வகுப்பறையைத் தேர்ந்தெடுத்தார். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பரவலாக அவர் அறியப்பட்டது 2013-இல் வந்த நூலால். காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் என்பிசி யுனிவர்சல் என்ற ஊடக நிறுவனத்தைத் தன்வசம் கொண்டுவந்த இணைப்புக்கு 2011 ஜனவரியில் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்த இணைப்பை முன்வைத்து, அமெரிக்கர்களின் அதிவேக இணையம் ஊருக்கு ஒரு நிறுவனத்தின் கையில் சிக்கிவிட்டது என்று வழக்குரைஞரின் துல்லியத்தோடு அவர் காட்டினார். அடுத்த நூலில் அதிவேக இணையத்தைச் சுமக்கும் கண்ணாடியிழை (ஃபைபர்) வடத்தைப் பற்றி எழுதினார். இணையத்தை அவர் மின்சாரத்தோடு ஒப்பிடுவார். 1930களில் அமெரிக்கக் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோக நிறுவனங்கள் மறுத்தன. ஒரு மைலுக்கு இரண்டு வீடு என்றால் கம்பம் நட்ட காசு வராது என்றார்கள். 1936-இல் கிராம மின்மயச் சட்டம் வந்த பிறகுதான் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அந்த வீடுகளில் விளக்கு எரிந்தது.

வட கரோலைனாவில் வில்சன் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. வேகமான இணைப்புத் தாருங்கள் என்று அங்கிருந்த நிறுவனங்களைக் கேட்டுச் சலித்த நகராட்சி, 2008-இல் தானே கண்ணாடியிழை வடம் போட்டு வீடு வீடாக இணைப்புக் கொடுத்தது. விளைவு என்ன தெரியுமா? மற்ற ஊர்கள் அந்த வழியில் போவதைக் கடினமாக்கும் சட்டத்தை அந்த மாநிலச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. சட்டம் எந்தப் பக்கமும் திரும்பும் கத்தி என்பதற்கு என் வகுப்பில் நான் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான்.

2023-இல் அவர் சார்ல்ஸ்டன் நகரத்தைப் பற்றி எழுதினார். தென் கரோலைனாவில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய துறைமுக ஊர் அது. 1670-இல் தோன்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பெருந்தொகையாக இறங்கிய கரை. ஓடைகளையும் சதுப்பையும் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி ஊரை விரித்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டில் அங்கே கடல் மட்டம் ஏறக்குறைய ஓர் அடி உயர்ந்திருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் கடல் ஓதம் ஏறினால் தெருவில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. தீபகற்பத்தைச் சுற்றி ஏறக்குறைய எட்டு மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்ப அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை திட்டம் போட்டது. மதிப்பீடு சுமார் 110 கோடி டாலர். கறுப்பின மக்கள் வாழும் ரோஸ்மாண்ட் போன்ற குடியிருப்புகள் அந்தச் சுவருக்கு வெளியே விடப்பட்டன. சுவருக்குப் பதிலாக வீட்டை உயர்த்திக்கொள்வது போன்ற வேறு ஏற்பாடுகள்தான் அவர்களுக்கு.

கேபிள் போகாத தெருவும் சுவர் போகாத தெருவும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதைப் பார்த்தவருக்கு இது புதிய துறையாக எப்படித் தெரியும்? தண்ணீர் வரப்போகும் இடங்களிலிருந்து மக்களை மரியாதையோடு, நேரம் இருக்கும்போதே, பணம் கொடுத்து இடம் மாற்றத் திட்டமிடுங்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் 'மரியாதையோடு' என்ற சொல்லுக்குத்தான் எடை அதிகம். அதை நம் ஊரில் நின்று பார்த்தால்தான் முழுமையாகப் புரியும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் பூநாரைகள். இன்னொரு பக்கம் பெருங்குடியின் குப்பைக் கிடங்கு. நடுவே சாலை. 2022-இல் அந்தச் சதுப்பில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ கட்டடங்கள் முளைத்துவிட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் குடிசை போட்டிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். "ஆபத்தான இடத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு" என்றுதான் சொன்னார்கள். பெரும்பாக்கம் அந்தச் சதுப்பின் ஓரத்தில் இருக்கிறது. மழை வலுத்தால் அங்கேயும் தண்ணீர். ஆற்றங்கரையை மறித்த பெரிய கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பள்ளி ஆண்டின் நடுவில், வேலை செய்யும் இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், லாரியில் சாமான் ஏற்றி இறக்குவதை மீள்குடியேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொலைபேசியின் கதைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1 இரவு ஜாபர்கான்பேட்டையில் என் அக்கா வீட்டில் இருந்தேன். அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். எங்களுக்கு அது எதுவும் தெரியாது. தண்ணீர் முதல் படியில் இருந்தது, பிறகு நான்காவது படியில் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நள்ளிரவுக்கு முன்பே செல்போன்களில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து செத்துவிட்டது. கோபுரத்தின் பேட்டரி தீர்ந்ததும், தரைத்தளத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர் மூழ்கியதும் காரணம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் ஒரு பழைய தரைவழித் தொலைபேசி, பூவேலை செய்த துணி போர்த்தி, முக்காலியின் மேல். அது வேலை செய்தது! செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி இணைப்பகத்தின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் வந்துவிடும். விடியும்போது மாடிப்படி முழுக்க ஈர உடையோடு வரிசை. டீச்சர் ஒரு பள்ளி நோட்டில் ஆளுக்கொரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, எண்ணைச் சுழற்றி, தானே வாசித்துச் சொன்னார். அவரவர் பேசினால் நேரமாகும் என்று அப்படி ஏற்பாடு. ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "நலம். மொட்டைமாடியில் இருக்கிறோம். படகு வேண்டாம், குழந்தைக்குப் பால் வேண்டும்." அன்று பிற்பகலில் இணைப்பகமும் மூழ்கியிருக்க வேண்டும், அந்த ஒலியும் நின்றது. அந்த டிசம்பர் 2 அன்றுதான் தி ஹிந்து நாளிதழ், 1878-இல் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, சென்னையில் அச்சாகவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு என் செல்போன் நிறுவனத்துக்கு முறைப்படி புகார் எழுதினேன். எத்தனை மணி நேரத்துக்கு மாற்று மின்சாரம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டிருந்தேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: இயற்கைச் சீற்றம், எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது. ஒப்பந்தச் சட்டத்தில் எவரும் எதிர்பார்க்க முடியாத நிகழ்வுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு உண்டு. 2005-இல் மூழ்கி, 2015-இல் மூழ்கி, பிறகு 2021-லும் 2023-லும் மூழ்கிய நகரத்தில் டிசம்பர் மழையை யார் எதிர்பார்க்கவில்லை? காலநிலை மாற்றம் சட்டத்துக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். நேற்றுவரை எதிர்பாராதது என்று தள்ளிவிட்டது இன்று எதிர்பார்த்தே தீர வேண்டியதாகிவிட்டது.

அமெரிக்காவில் இதே சண்டை எண்களை வைத்து நடந்திருக்கிறது. கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2007-இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது: செல்போன் கோபுரங்களுக்கு 8 மணி நேரம், இணைப்பகங்களுக்கு 24 மணி நேரம் மாற்று மின்சாரம் இருக்க வேண்டும். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அந்த உத்தரவு நடைமுறைக்கு வராமலே மடிந்தது. 2012-இல் சாண்டி புயல் அடித்தபோது, பாதிக்கப்பட்ட பகுதியில் நான்கில் ஒரு செல்போன் கோபுரம் ஊமையானது. நியூயார்க் அருகே ஃபயர் ஐலண்ட் என்ற தீவில் அழிந்துபோன செம்புக் கம்பிகளை மீண்டும் போடாமல், கம்பியில்லாக் கருவி ஒன்றை மட்டும் தரப் பார்த்தது வெரைசான் நிறுவனம். தீவு மக்கள் விடவில்லை. 2013-இல் நிறுவனம் பின்வாங்கிக் கண்ணாடியிழை வடம் போட ஒப்புக்கொண்டது. காட்டுத்தீயில் வெந்த கலிபோர்னியா 2020-இல், தீ அபாயம் மிகுந்த பகுதிகளின் கோபுரங்களுக்கு 72 மணி நேர மாற்று மின்சாரத்தைக் கட்டாயமாக்கியது.

எட்டு, இருபத்துநான்கு, எழுபத்திரண்டு. ஒரு கடமைக்குள் எண் வந்துவிட்டால் அதை மீறினார்களா இல்லையா என்று நீதிபதியிடம் காட்டலாம். எண் இல்லாத கடமை, விழா மேடை உறுதிமொழி மாதிரி. தொலைத்தொடர்புச் சட்டம் நமக்குக் கற்றுத்தருவதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் இதுதான். யார் செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எங்கே போய்க் கேட்பது என்ற மூன்றும் அந்தத் துறையில் எழுதப்பட்டிருக்கும்.

இந்தியாவிலேயே பாருங்கள். ஊரகத்துக்குத் தொலைபேசி கொண்டுபோக 'அனைவருக்குமான சேவை'க் கடமை என்று ஒன்றை வைத்தோம். நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு அதற்கென்று எடுக்கப்பட்டது. 2003-இல் அந்த நிதிக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அந்த நிதியிலிருந்துதான் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. சந்தைக் கணக்கில் அந்தமான் எந்தக் காலத்திலும் கட்டுப்படியாகாது. கடமை என்று எழுதியதால் போய்ச் சேர்ந்தது. அந்த நிதி பல ஆண்டுகள் செலவாகாமல் கிடந்ததும் உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனாலும் கிடக்கிறது என்று சுட்டிக்காட்ட ஒரு நிதி இருந்ததே!

பேரிடர்க் காலத்தில் மீட்புப் பணியாளர்களின் அழைப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே பரிந்துரைத்தது. அது மேலே சொன்ன தொலைத்தொடர்புச் சட்டத்தின் வாசகமாக, 20-ஆம் பிரிவில், இடம்பெற 2023 ஆனது. இடையில் சென்னை மூழ்கியது, வர்தா புயல் வந்தது, கஜா வந்தது. சில நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலின்போது, குஜராத்தின் கடலோர மாவட்டங்களில் எந்த நிறுவனத்தின் கோபுரம் உயிரோடு இருந்தாலும் எல்லா வாடிக்கையாளர்களும் அதைப் பயன்படுத்த அனுமதித்தார்கள். அதே ஆண்டு நம் செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறி, சோதனைச் செய்தி என்று காட்டியது நினைவிருக்கும். குறிப்பிட்ட பகுதியின் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே வீச்சில் எச்சரிக்கை அனுப்பும் முறை அது. கோபுரம் நின்றால்தான் அதுவும் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காலநிலைத் தகவமைப்பில் நமக்குத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2008-இல் தேசியச் செயல்திட்டம், எட்டு இயக்கங்களோடு. 2023-இல் சென்னைக்கென்று தனிச் செயல்திட்டம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று அதில் தொகை இருக்கிறது. அதனால்தான் அதை நான் பெரிய முன்னேற்றம் என்பேன். அதே 2024-இல், கானமயில் வழக்கு என்று அறியப்படும் ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருப்பது அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளின் கீழ் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை வந்துவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கமாக நிற்க வேண்டிய கடமை இன்னும் எழுதப்படவில்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். நிவாரண முகாமின் குறைந்தபட்சத் தேவைகளாகத் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அந்த வரிசையில் தகவல் தொடர்பு இல்லை. டீச்சர் வீட்டு மாடிப்படியில் நின்ற எவரும் அந்த வரிசையை அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு துறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பதை நம் தீர்ப்புகளிலேயே காணலாம். பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு ஓட்டல் திருப்பிவிட்ட வழக்கில், ஆறும் கரையும் அரசின் சொத்து கிடையாது, மக்களுக்காக அரசு பாதுகாத்து வைத்திருக்கும் பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. பொது நம்பிக்கைக் கோட்பாடு என்பார்கள். 2012 பிப்ரவரி 2 அன்று 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்துசெய்த தீர்ப்பு, அதே கோட்பாட்டைக் கண்ணுக்குத் தெரியாத அலைகளுக்கும் பொருத்தியது. இடையில் 2005-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம், கிருஷ்ணன் என்பவர் தொடுத்த வழக்கில், நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து 2007-இல் ஏரிகளைக் காக்கும் சட்டம் வந்தது. ஆறு, அலைக்கற்றை, ஏரி. இந்த மூன்று தீர்ப்புகளையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். பாடத்திட்டம் போட்டிருக்கும் வேலி உங்கள் கண்முன்னே காணாமல் போகும்.

நல்லவாடு பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரியை ஒட்டிய மீனவர் ஊர். தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அலை உயரம், காற்று, மீன் விலை எல்லாம் சொல்வதற்காக அங்கே ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் வைத்துக்கொடுத்திருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். செய்தி ஒலிபெருக்கிக்குப் போனது. ஊரே ஓடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஒரு வெளிநாட்டு அழைப்பு, ஓர் ஒலிபெருக்கி, அதை இயக்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர்கள். தொலைத்தொடர்புக் கொள்கையும் தகவமைப்பும் ஒரே பொருளாக நின்ற இடம் அது. பக்கத்துக் கடற்கரைகளில் அது இல்லை என்பதற்கு எந்தச் சட்டத்தின் கீழும் எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் மூன்றாவது கேள்வி, பிழைப்பு. உண்மையைச் சொல்கிறேன்: 'காலநிலைத் தகவமைப்பு வழக்கறிஞர்' என்று பலகை மாட்டினால் இன்றைக்குச் சென்னையில் வழக்கு வராது. தொலைத்தொடர்பில் வரும், ஆனால் அதன் தீர்ப்பாயம் டெல்லியில். ஆகவே அடித்தளத்துக்கு நிர்வாகச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், நிலச் சட்டம் மூன்றையும் நன்றாகப் படியுங்கள். பட்டா, புறம்போக்கு, நீர்வழி என்று நில ஆவணம் வாசிக்கத் தெரியாதவர் இந்த ஊரில் தகவமைப்பு பேசுவது வீண். டிராய் வெளியிடும் கலந்தாய்வு அறிக்கைகளில் ஏதேனும் ஒன்றை எடுத்து, நிறுவனங்களும் நுகர்வோரும் எழுதிய கருத்துகளையும் எதிர்க்கருத்துகளையும் முழுக்கப் படியுங்கள். கொள்கை எப்படிச் சமைக்கப்படுகிறது என்று அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது. சேப்பாக்கத்தில் கலச மகாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. ஒரு வாரம் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சதுப்பு, மணல், கடற்கரை எல்லாம் அங்கே பிரமாணப் பத்திரங்களாக வந்து நிற்கும்.

ஒரு வேலையும் தருகிறேன், மனமிருந்தால் செய்யுங்கள். உங்கள் வார்டில் உள்ள செல்போன் கோபுரங்களைக் கணக்கெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஜெனரேட்டர் தரையில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பாருங்கள். 2015-லும் 2023-லும் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள், சுவரில் கறையைக் காட்டுவார். இரண்டு உயரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாநகராட்சிக்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள்: இந்தக் கோபுரம் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், அதை யார் சரிபார்த்தார், எப்போது சரிபார்த்தார்? பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மேல்முறையீட்டை நாம் இருவரும் சேர்ந்து எழுதலாம்.